மலையகத்தில் வீடு கட்டுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: சரிவு, தண்ணீர், குளிர்

வீட்டுப் பிளான் வரைவது என் தொழில். அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைப் பக்கங்களில் வீடு கட்டப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். ‘பசுமை வீடு’ என்று தேடினால் கிடைக்கிற ஆலோசனைகளில் பெரும்பாலானவை கொழும்புக்கோ சென்னைக்கோ எழுதியவை. வெயிலை எப்படித் தடுப்பது, காற்றை எப்படி உள்ளே விடுவது என்றுதான் அவை சொல்லும். நமக்கு முதல் கவலை சரிவு, அடுத்தது தண்ணீர், அப்புறம்தான் குளிர். பதில்களும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான் போகின்றன.

பசுமைக் கட்டடம் என்றால் கூரையில் சோலார் பனல் போடுவதுதானே?

பனலைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் வீடு நிற்க வேண்டும். உலகம் முழுவதும் மனிதர்களால் வெளியாகும் கரியமில வாயுவில் சுமார் 8 வீதம் சீமெந்து உற்பத்தியால் வருகிறது. ஒரு வீட்டுக்குப் போடுகிற சீமெந்து, கம்பி, மணல், மரம் எல்லாம் இரண்டு மூன்று தலைமுறைக்குப் பயன்பட்டால்தான் அந்தச் செலவுக்கு நியாயம் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் நடந்த மண்சரிவுகளையும் பார்த்தோம். போன உயிர்களுக்கு ஈடு கிடையாது. மிஞ்சியவர்களுக்கு மறுபடி ஒரு வீடு கட்ட, மறுபடி அதே அளவு சீமெந்தும் கம்பியும் மரமும் வேண்டும். அதனால் மலையகத்தில் சுற்றாடலுக்கு ஏற்ற வடிவமைப்பு என்பது எந்த இடத்தில் கட்டுகிறோம், மண்ணை எவ்வளவு வெட்டுகிறோம், மழைத் தண்ணீரை எங்கே அனுப்புகிறோம் என்பதில்தான் தொடங்குகிறது.

எனக்குக் கிடைத்த காணி பாதுகாப்பானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேளுங்கள். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்டுமுன் அவர்களுடைய அறிக்கையைப் பெறவேண்டும். பிரதேச சபை அனுமதிக்கும் அது தேவைப்படும். அதை ஒரு காகித வேலையாக நினைத்து, பிளான் எல்லாம் முடிந்த பிறகு போய் நிற்கிறார்கள் பலர். காணி பார்க்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. அவர்கள் ‘இந்த இடத்தில் வேண்டாம், 30 அடி தள்ளிக் கட்டுங்கள்’ என்று சொன்னால், பிளான் வரைவதற்கு முன் அதற்குச் செலவே இல்லை.

நீங்களும் உங்கள் கண்ணால் பாருங்கள். மழைக்காலத்தில் ஒரு தடவையாவது காணிக்குப் போங்கள். மின்கம்பம், வேலி, மரம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா? நிலத்தில் பிறை வடிவில் வெடிப்பு இருக்கிறதா? முன்பு இல்லாத இடத்தில் ஊற்று வருகிறதா, இருந்த ஊற்று திடீரென்று நின்றதா, பீலியில் (ஊற்றுக் குழாயில்) தெளிவாக வந்த தண்ணீர் சேறாக வருகிறதா? பக்கத்து வீட்டில் கதவு ஜன்னல் இறுகிப்போய் மூட முடியாமல் இருக்கிறதா? பக்கத்தில் இருக்கும் வயசானவர்களிடம் விசாரியுங்கள். எந்த வருடம் எந்தப் பக்கம் சரிந்தது என்பது அவர்களுக்கு அத்துப்படி.

மண்சரிவு எச்சரிக்கை விடுகிற மழை அளவுகளையும் தெரிந்து வையுங்கள். 24 மணிநேரத்தில் 75 மி.மீ. மழை தாண்டினால் முதல் நிலை, 100 தாண்டினால் இரண்டாம் நிலை, 150 தாண்டினால் அல்லது ஒரு மணிநேரத்திலேயே 75 பெய்துவிட்டால் வெளியேற வேண்டிய நிலை. இந்த 75 என்ற எண்ணைக் கீழே கூரைத் தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது மறுபடி எடுக்கிறேன்.

சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல் வீடு கட்ட முடியுமா?

முடியும். அப்படித்தான் கட்டவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பேக்கோ மெஷினைக் கொண்டுவந்து ஒரு நாளில் மேடை போட்டுவிடலாம் என்ற வசதிதான் இன்று மலையகத்தில் அதிகக் கேடு செய்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். சரிவு 20 பாகை, வீடு சுமார் 550 சதுர அடி என்று வையுங்கள். வீட்டின் ஆழம், அதாவது சரிவின் திசையில் முன்னிருந்து பின்வரை, 20 அடி. முழுவதையும் வெட்டிச் சமமாக்கினால் பின்பக்கம் 7 அடிக்கு மேல் செங்குத்தான வெட்டு நிற்கும். அதே வீட்டைச் சரிவுக்குக் குறுக்கே நீளமாகப் போட்டு, ஆழத்தை 14 அடியாகக் குறைத்தால் வெட்டு 5 அடியாகிவிடும். 14 அடிக்கு 39 அடி என்றால் 546 சதுர அடி. இடம் குறையவில்லை, வடிவம்தான் மாறியது. இல்லை, காணி நீளமாக இல்லை, 20 அடி ஆழம்தான் வேண்டும் என்றால் வீட்டை இரண்டு படியாகப் பிரியுங்கள்: முன்பக்க 10 அடி ஒரு மட்டம், பின்பக்க 10 அடி அதற்கு மேலே இன்னொரு மட்டம், நடுவில் ஆறு ஏழு படிக்கட்டு. ஒவ்வொரு வெட்டும் மூன்றரை அடிதான் வரும். மூன்றரை அடி வெட்டை ஒரு சின்னக் கருங்கல் சுவர் தாங்கும். ஏழு அடி வெட்டுக்குப் பொறியியலாளர் கணக்குப் போட்ட கொங்கிரீட் சுவர் வேண்டும். சில நேரம் அந்தச் சுவரின் விலை வீட்டின் விலையில் பாதிக்கு வந்துவிடும்.

வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி, பாதி வீட்டை வெட்டிய நிலத்திலும் பாதியைக் கொட்டிய மண்ணிலும் கட்டுகிற பழக்கம் இன்னொன்று. கெட்டி நிலம் அசையாது, கொட்டிய மண் அமுங்கும். வீட்டின் நடுவே சுவர் வெடிப்பதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான். அத்திவாரம் முழுவதும் கெட்டி நிலத்தைத் தொட வேண்டும். முன்பக்கம் தூண் வைத்து உயர்த்திக்கொள்ளலாம். அடியில் விறகு அடுக்கலாம், தண்ணீர் தங்காமல் ஓடும்.

சரிவோடு சேர்ந்து கட்டுவதை நம் ஊரிலேயே செய்து காட்டியவர் மின்னெட் டி சில்வா. கண்டியில் 1918இல் பிறந்தவர். 1948இல் பிரித்தானியக் கட்டடக்கலைஞர்களின் ராயல் நிறுவனத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். அவர் கண்டி மலைச்சரிவில் வடிவமைத்த கருணாரத்ன வீடு 1950களின் தொடக்கத்தில் முடிந்தது. மலையை வெட்டித் தட்டையாக்காமல் வீட்டின் தளங்களையே மேலும் கீழுமாகப் பிரித்து அமைத்தார். தும்பறைப் பாய் நெசவையும் உள்ளூர்க் கைவினைஞர்களின் சுட்ட மண் வேலையையும் நவீன கொங்கிரீட்டோடு சேர்த்தார். நம் பிள்ளைகள் கட்டடக்கலை படிக்கும்போது இந்தப் பெயரைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாங்கு சுவர் கட்டினால் போதுமா?

சுவர் மட்டும் போதாது. சுவருக்குப் பின்னால் சேர்கிற தண்ணீர்தான் அதைத் தள்ளிவிடுகிறது. பின்பக்கம் கல் நிரப்பி, சுவரில் வரிசையாகத் தண்ணீர் வடியும் ஓட்டைகள் விட்டு, அடியில் வருகிற தண்ணீரைக் கானில், அதாவது வடிகாலில், சேர்க்க வேண்டும். ஓட்டை விட்டால் சுவர் அழுக்காகிறது என்று சீமெந்து பூசி அடைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

உயரம் அதிகமில்லாத இடத்தில் கம்பிக்கூட்டுக்குள் கல் அடுக்கும் கேபியன் சுவர் எனக்குப் பிடிக்கும். தண்ணீர் தானாக வடியும், சீமெந்து தேவையில்லை, வெட்டும்போது வந்த கல்லையே போடலாம். மேல் சரிவில் வெட்டிவேர் நடுங்கள். நேர்கீழாக 3 மீட்டர் வரை வேர் இறக்கும் புல் அது. இருக்கிற பெரிய மரத்தை வெட்டுமுன் யோசியுங்கள். வெட்டிய மரத்தின் வேர் சில வருடங்களில் உக்கிப்போகும். அது பிடித்துவைத்திருந்த மண் அப்போதுதான் தளரும்.

கான் வெட்டுவது தோட்ட வேலைதானே, வீட்டுக்கு எதற்கு?

நம்முடைய தாத்தா பாட்டிமார் தேயிலை மலைகளில் வெட்டிய கான்கள்தான் ஒன்றரை நூற்றாண்டாக இந்தச் சரிவுகளின் மண்ணைக் காப்பாற்றி வந்தன. மழைத் தண்ணீர் மலையிலிருந்து நேரே பாய்ந்து மண்ணைக் கரைக்காமல், குறுக்காகத் திருப்பி, வேகத்தைக் குறைத்து ஓடைக்கு அனுப்புகிற வேலை அது. பராமரிக்காத மலையில் கான் மண்மூடிவிடும். தண்ணீர் தேங்கி நிலத்துக்குள் இறங்கும். உங்கள் வீட்டுக்கு மேலே அப்படி ஒரு மூடிய கான் இருக்கலாம். பிளான் வரைவதற்கு முன் அதைத் தேடிப் பாருங்கள். வீட்டுக்கு மேலே குறுக்காக ஒரு கான், அதிலிருந்து இரண்டு பக்கமும் கல் பதித்த இறங்கு கான், அது சேருமிடம் ஓடை அல்லது பொதுக் கான்: இவ்வளவும் பிளானில் கோடாக இருக்க வேண்டும். கீழ்வீட்டுக்காரருடைய முற்றத்தில் போய் முடியக்கூடாது.

மழைத் தண்ணீர்த் தாங்கி மலைநாட்டுக்குத் தேவையா? இங்கேதான் மழைக்குப் பஞ்சமில்லையே?

மழை வருடம் முழுவதும் ஒரே மாதிரி வருவதில்லை. அட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. தை, மாசியில் பீலி மெலிந்துவிடும். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் டிசம்பரைச் சுற்றிய மாதங்களில் வடகீழ்ப் பருவமழை. ஆனி, ஆடியில் காய்ந்த காற்றும் தண்ணீர்த் தட்டுப்பாடும். இரண்டு பக்கத்துக்கும் தாங்கி உதவும்.

1 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லீட்டர் தண்ணீர். 550 சதுர அடி வீட்டுக்கு இறவாரத்தோடு சேர்த்து 700 சதுர அடி, அதாவது 65 சதுர மீட்டர் கூரை இருக்கும். முதல் நிலை எச்சரிக்கை விடுகிற அந்த 75 மி.மீ. மழை பெய்கிற நாளில் இந்தக் கூரையிலிருந்து மட்டும் 4,875 லீட்டர் இறங்கும். ஏறக்குறைய 5 டன் தண்ணீர்! பீலித்தகரம், அதாவது கூரைத் தண்ணீரைப் பிடிக்கிற தகர வாய்க்கால், இல்லாத வீட்டில் இவ்வளவும் அத்திவாரத்தை ஒட்டி நிலத்துக்குள் போகிறது. 20 வீடு உள்ள ஒரு குடியிருப்பில் 100 டன். அதனால் கூரைத் தண்ணீரைப் பிடிப்பது நம் பக்கத்தில் மண்சரிவைத் தடுக்கிற வேலையும்கூட.

தாங்கியின் அளவு? நான்கு பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10 லீட்டர் என்றால் ஒரு நாளைக்கு 40 லீட்டர். 5,000 லீட்டர்த் தாங்கி நிறைந்திருந்தால் 125 நாள் வரும். குளிக்க, துவைக்க வேறு தண்ணீர் இருக்கிறவர்களுக்கு இது போதும். உலக வங்கி உதவியோடு நடந்த சமூகக் குடிநீர்த் திட்டத்தில், 1995 முதல் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் இந்த 5,000 லீட்டர் அளவில்தான் பெரோசீமெந்துத் தாங்கிகள் பரவின. கம்பிவலையின் மேல் மெல்லிய சீமெந்துச் சாந்து பூசிக் கட்டுவது அது. நல்ல மேசன் ஒருவர் ஒரு தடவை பார்த்தால் பழகிவிடுவார்; பிளாஸ்டிக் தாங்கியைத் தலையில் வைத்து மலை ஏற்றவேண்டிய சிரமமும் இல்லை.

முதலில் பெய்கிற சில நிமிட மழையில் கூரைத் தூசி, பறவை எச்சம் எல்லாம் வரும். அதைத் தனியாகத் திருப்பிவிட ஒரு குழாய் வையுங்கள். தாங்கிக்கு மூடியும் நுளம்பு வலையும் கட்டாயம். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள். நிரம்பிய தாங்கியின் எடை 5 டன்னுக்கு மேல் என்பதால் அதைச் சரிவின் விளிம்பிலோ கொட்டிய மண்ணிலோ வைக்காமல், வெட்டிய கெட்டி நிலத்தில் வையுங்கள். நிரம்பி வழிகிற தண்ணீருக்குக் குழாய் போட்டுக் கானில் விடுங்கள்.

செப்டிக் டேங்க் எங்கே வைப்பது?

வீட்டுக்குக் கீழ்ப்பக்கம், தாங்கு சுவருக்கு மேலே வராமல், கிணறு அல்லது ஊற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி. காணி 7 பேர்ச்சஸ் என்றால் மொத்தமே 1,900 சதுர அடிதான். அதற்குள் இந்தத் தூரம் எப்போதும் கிடைக்காது. வரிசையாக வீடு வருகிற இடத்தில் ஐந்தாறு வீடுகளுக்குப் பொதுவாக, சரிவு குறைந்த இடத்தில் உறிஞ்சு குழி அமைப்பதே சரி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குழி வெட்டி, மேல் வீட்டுக் கழிவு கீழ் வீட்டு அத்திவாரத்துக்குள் இறங்குவதை அனுமதிக்கக்கூடாது.

குளிருக்கு வீட்டை எப்படி அமைப்பது? ஹீட்டர் இல்லாமல் முடியுமா?

எவ்வளவு உயரத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும். 500 மீட்டரில் உள்ள கண்டிக்கும் 1,868 மீட்டரில் உள்ள நுவரெலியாவுக்கும் ஒரே பிளான் பொருந்தாது. கண்டியிலும் பதுளை நகரத்திலும் காற்றோட்டமும் நிழலும் வேண்டும். அட்டன், பண்டாரவளை உயரத்தில் காற்றோட்டமும் வேண்டும், வெயிலும் உள்ளே வரவேண்டும். நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கம் வெயிலைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்வதுதான் வேலை. தை, மாசியில் அங்கே உறைபனி விழுகிறது.

சூரியன் எங்கே போகிறது என்று பாருங்கள். நாம் நிலநடுக்கோட்டுக்கு 7 பாகை வடக்கே இருக்கிறோம். செப்டெம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் தெற்குப் பக்கம் சாய்ந்திருக்கும். குளிர் கூடிய மார்கழி, தை, மாசி மாதங்கள் இதற்குள் வருகின்றன. அப்புறம், மலையில் காலை வெயில்தான் நம்பிக்கையானது. மதியத்துக்குப் பிறகு பல இடங்களில் மூட்டம் கட்டிவிடும். ஆகவே பெரிய ஜன்னல்கள் கிழக்கிலும் தெற்கிலும் இருக்கட்டும். மழையும் காற்றும் அடிக்கிற பக்கம் சின்ன ஜன்னல், மலசலகூடம், சாமான் அறை. தென்மேற்குப் பருவம் அடிக்கிற ஊர்களில் அது மேற்குப் பக்கம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இஸ்தோப்பு, அதாவது வீட்டு முன் வராந்தா. லயத்தில் இஸ்தோப்பைத் தகரம் அடித்து மூடிப் படுக்கை போடுவார்கள், இடமில்லாததால். புது வீட்டில் கிழக்கு அல்லது தெற்குப் பக்கம் 5 அடி அகல இஸ்தோப்பு வைத்து, அதன் கூரைக்கு ஒளி ஊடுருவும் பொலிகார்பனேட் தகடு, முன்னால் கண்ணாடி ஜன்னல் போட்டுப் பாருங்கள். காலை வெயிலில் அந்த இடம் சூடாகும். உள்ளே போகிற கதவைத் திறந்தால் வீட்டுக்குள் சூடு வரும். தரையைக் கறுப்புச் சீமெந்தாகவோ கருங்கல்லாகவோ போட்டால் சூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். ஆடி மழையில் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை காய்வதற்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது.

அடுத்தது கூரை. வெறும் தகரக் கூரையின் கீழ் சூடு நிற்காது. இரவில் தகரத்தின் அடியில் நீர் கோத்து முகத்தில் சொட்டும். தகரத்துக்கு அடியில் வெள்ளிப்பூச்சு இன்சுலேஷன் தாள், அதற்கும் சீலிங்குக்கும் நடுவே காற்று இடைவெளி. தாள் தகரத்தோடு ஒட்டிக்கிடந்தால் பயன் குறைவு, இடைவெளிதான் வேலை செய்கிறது. குளிர் ஊரில் சீலிங்கை 9 அடிக்கு மேல் உயர்த்தாதீர்கள். பழைய பங்களாக்களின் உயரமான கூரையைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அங்கே ஒவ்வொரு அறையிலும் கணப்பு அடுப்பு இருந்தது, விறகு பிளந்து போட ஆளும் இருந்தார்கள்.

இவ்வளவும் செய்தால் ஹீட்டர் இல்லாமல் பெரும்பாலான இரவுகளைக் கழிக்கலாம். கதவடி இடுக்கையும் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும் அடைக்க மறக்காதீர்கள்.

எல்லாவற்றையும் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்காதா?

பிடிக்கும், ஈரத்தை வெளியே அனுப்பாவிட்டால். சமையல், குளியல், உள்ளே காயப்போடுகிற துணி ஆகியவைதான் வீட்டு ஈரத்தின் பெரும்பகுதி. குசினியிலும் குளியலறையிலும் சுவரின் மேல்பகுதியில் மூடித் திறக்கக்கூடிய காற்றுத்துளை வையுங்கள். பகல் 10 மணிக்கு மேல் வெயில் இருக்கும்போது ஜன்னல்களை ஒரு மணிநேரம் முழுதாகத் திறந்துவிடுங்கள். நிலத்திலிருந்து ஏறுகிற ஈரத்துக்கு அத்திவாரத்தின் மேல் ஈரத்தடுப்புப் படை போடவேண்டும். செலவைக் குறைக்க இதை விட்டுவிடுகிற மேசன்மார் உண்டு, பக்கத்தில் நின்று பாருங்கள். அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள்.

சுவருக்குச் சீமெந்துக் கல்லா, செங்கல்லா, மண் கல்லா?

அழுத்திய மண் கல்லை நான் முதலில் சிபாரிசு செய்வேன். மண்ணோடு 5 முதல் 10 வீதம் சீமெந்து கலந்து, கையால் இயக்கும் இயந்திரத்தில் அழுத்தி, சுடாமல், ஈரச்சாக்கு போட்டு ஆறவைப்பது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி நீண்டகாலம் ஆய்வு செய்திருக்கிறார்கள். இலங்கைத் தரநிர்ணயமும் உண்டு, எண் 1382. அத்திவாரம் தோண்டிய மண்ணே பொருத்தமானால் லொறி ஏற்றுக்கூலி மிச்சம். வீட்டு வாசல்வரை லொறி வராத மலைகளில் இது பெரிய காசு. மேல் கறுப்பு மண் உதவாது, அடியில் வரும் சிவப்பு மண் வேண்டும். ஒரு போத்தலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் அடியிலும் வண்டலும் களியும் மேலேயும் படியும். களி அதிகமென்றால் மணல் சேர்க்கவேண்டும்.

குறை என்ன? காற்றோடு சாய்ந்து அடிக்கிற மழை. இறவாரம் இரண்டரை அடி நீட்டி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் கருங்கல் கட்டி அதன்மேல் மண் கல் வையுங்கள். மழை அடிக்கிற பக்கச் சுவரை மட்டும் பூசலாம்.

செங்கல் நல்ல பொருள்தான். அதைச் சுட எரிகிற விறகை நினைத்துப் பார்க்கவேண்டும். சீமெந்துக் கல் கையில் கிடைக்கிறது, ஆனால் குளிரை அப்படியே உள்ளே கடத்தும்.

கூரைக்கு அஸ்பெஸ்டஸ் மலிவாகக் கிடைக்கிறதே?

வேண்டாம். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வெட்டும்போது, துளையிடும்போது, உடையும்போது, பாசியைத் தேய்த்துக் கழுவும்போது கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலக்கும். ஏற்கெனவே கூரையில் இருந்தால் பதறவேண்டாம். அசைக்காமல், உடைக்காமல், தேய்க்காமல் விடுங்கள். கழற்றும் நாளில் நனைத்து, முழுத் தகடாக இறக்குங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

அதற்குப் பதிலாக நிறம் பூசிய சிங்க் அலுமினியத் தகரத்தை இன்சுலேஷனோடு போடுங்கள். ஓடு அழகானது; கனமானதால் மரச்சட்டம் கூடுதலாக வேண்டும், பலத்த காற்றடிக்கிற மேட்டில் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

என்ன மரம் பாவிக்கலாம்?

காட்டு மரத்தை விடுங்கள். தோட்டங்களில் நிழலுக்கு வைத்த சவுக்கு, அதாவது கிரெவிலியா, யூக்கலிப்டஸ், பைனஸ் எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கின்றன. நன்றாகக் காயவைத்து, போராக்ஸ் போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் பூச்சி அரிக்காது. அது தண்ணீரில் கரைந்துபோகும் என்பதால் மழை படாத உள்வேலைக்கே சரிவரும்.

விறகு அடுப்பை விட்டுவிடத்தான் வேண்டுமா?

விலைவாசி இருக்கிற இருப்பில் காஸை மட்டும் நம்பச் சொல்ல எனக்கு மனமில்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறும் சவுக்குக் கிளையும் இருக்கும்வரை விறகு எரியும். புகைதான் பிரச்சினை, அதைத் தினமும் சுவாசிக்கிறவர்கள் நம் அம்மாமாரும் பிள்ளைகளும். இரண்டு பானை வைக்கிற அனகி மண் அடுப்பு விறகைக் குறைக்கும். அதைச் சுவரோரம் கட்டி, மேலே கூம்பு மாதிரி மூடியும் கூரைக்கு மேல் இரண்டடி உயர்ந்த புகைபோக்கியும் வைக்கவேண்டும். பிளானிலேயே குசினியைப் படுக்கையறைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அடுப்புச் சுவரின் சூடு இரவில் அந்த அறைக்கும் கிடைக்கும்.

அப்படியானால் சோலார்?

வெந்நீருக்கான சூரிய ஹீட்டரை முதலில் போடுங்கள், பிறகு மின்சாரப் பனல். காலை வெயில் படுகிற கிழக்கு அல்லது தெற்குக் கூரைப்பக்கம். மூட்டம் அதிகமான ஊரில் விற்பனையாளர் சொல்லுகிற உற்பத்தியை அப்படியே நம்பாமல், பக்கத்தில் ஏற்கெனவே போட்டவரின் மின்பட்டியலைக் கேட்டுப் பாருங்கள்.

வீடமைப்புத் திட்டத்தில் 550 சதுர அடி வீடு தருகிறார்கள். அதில் நாம் என்ன மாற்ற முடியும்?

நினைப்பதைவிடக் கூடுதலாக. பிரதமர் மோடி 2017இல் நோர்வூட்டில் அறிவித்த 10,000 வீடுகள் உட்படப் பல திட்டங்கள் இப்படிப்பட்ட தனி வீடுகளாக வருகின்றன. அத்திவாரம் வெட்டுமுன் மக்கள் குழு சேர்ந்து மூன்று விஷயம் கேளுங்கள்: வீடு பார்க்கிற திசை, பொதுக் கானின் வழி, பின்னால் ஓர் அறை கூட்டுவதற்கு இடமும் அத்திவாரமும். திசையை மாற்றுவதற்குச் செலவு இல்லை. ஒரே பிளானை ஐம்பது தடவை ஒரே பக்கம் பார்த்து அச்சடிப்பதால் பாதி வீடுகளின் இஸ்தோப்பு மழைப்பக்கம் போய்விடுகிறது.

மக்களைக் கேட்டு வடிவமைப்பது நம் நாட்டுக்குப் புதிதில்லை. மேலே சொன்ன மின்னெட் டி சில்வா, 1950களில் கண்டி வட்டப்புளுவையில் அரச ஊழியர்களுக்கான வீடமைப்பை வடிவமைத்தபோது, குடியேறப்போகும் குடும்பங்களிடம் வினாத்தாள் கொடுத்து, அவர்களுடைய வாழ்க்கை முறையையும் தேவையையும் கேட்டுப் பல வகைப் பிளான்களை வரைந்தார். அரச ஊழியர்களுக்குச் செய்ததைக் கொழுந்து பறிக்கிறவர்களுக்கும் செய்யவேண்டும். அதைக் கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது.

இன்னும் லயத்தில்தான் இருக்கிறோம். எங்களுக்கு ஏதாவது?

லயக் காம்பராவின் கூரையும் சுவரும் பொது என்பதால் ஒரு வீட்டால் தனியாக அதிகம் செய்யமுடியாது. லயம் முழுக்கச் சேர்ந்தால் முடியும். முதலில் பின்பக்கக் கான். மண் மூடியிருந்தால் சிரமதானம் வைத்து வெட்டுங்கள், சுவரடி ஈரம் அந்த மழைக்காலத்திலேயே குறையும். இரண்டாவது கூரை முழு நீளத்துக்கும் பீலித்தகரம், இரண்டு முனையிலும் தாங்கி. மூன்றாவது காம்பராவுக்குள் சீலிங். தற்காலிகமாகத் துணியோ பொலித்தீனோ கட்டுவதாக இருந்தால் அடுப்பு இருக்கிற பக்கம் வேண்டாம், லயம் தீப்பிடித்த கதைகள் நமக்குத் தெரியும். பெரிய திருத்தம் என்றால் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது நல்லதா?

சுவரும் அத்திவாரமும் உறுதியாக இருந்தால் இடிக்காதீர்கள். கந்தப்பளையில் கைவிடப்பட்ட ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலாக மாற்றப்பட்டது. கொழுந்து வாட்டும் மாடிகளின் நீண்ட ஜன்னல் வரிசையும் இரும்புச் சட்டமும் அப்படியே இருக்கின்றன. மூடிக்கிடக்கிற தொழிற்சாலைகளை நம் பிள்ளைகளின் தொழிற்பயிற்சிக் கூடமாகவும் நூலகமாகவும் மாற்ற முடியாதா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

பசுமைச் சான்றிதழ் வாங்கவேண்டுமா?

இலங்கைப் பசுமைக் கட்டடச் சபை கிரீன்எஸ்எல் என்ற தரப்படுத்தலை நடத்துகிறது. பாடசாலை, ஹோட்டல், அலுவலகம் கட்டுகிறவர்கள் பார்க்கலாம். சொந்த வீட்டுக்கு அந்தப் பணத்தைக் கானில் போடுங்கள்.

கட்டி முடிந்த பிறகு என்ன பராமரிப்பு?

உங்கள் பக்கத்துப் பருவமழை தொடங்க ஒரு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். பீலித்தகரத்தில் இலை அள்ளுங்கள். தாங்கு சுவர் ஓட்டைகளில் கம்பி விட்டு மண்ணை எடுங்கள். மேல் கானை வெட்டுங்கள். தாங்கியைக் கழுவுங்கள். சுவரில் வெடிப்பு இருந்தால் அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதி வையுங்கள். மழை முடிந்து பார்க்கும்போது வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் பூசி மறைக்காமல் கிராம சேவகருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் அறிவியுங்கள்.